நாவலை விளையாட்டாக்க எழுத்தாளரின் வாய்ச்சொல் போதுமா?

கேள்வி: நாங்கள் கோவையைச் சேர்ந்த மூன்று நண்பர்கள். தமிழில் ஐந்து பாகங்களாக வந்த ஒரு மாயாஜால நாவல் வரிசையை டேபிள்டாப் ஆர்.பி.ஜி. ஆக்க விரும்புகிறோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு அது. விதிகளை எழுதி முடித்துவிட்டோம். நாவலாசிரியர் எழுபதைத் தாண்டியவர். நேரில் போய்க் கேட்டதும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ‘தாராளமாகச் செய்யுங்கள் தம்பி’ என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். இதே நாவலுக்காக முன்பு ஒரு சினிமா நிறுவனத்திடம் ஏதோ கையெழுத்துப் போட்டதாகவும், படம் வரவேயில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அச்சடிக்க எங்களிடம் பணமில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா பெயரில் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அடுத்த சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவர நினைக்கிறோம். ஒப்பந்தத்தைப் பணம் வந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் ஆசிரியர். இது போதுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. ஆசிரியரின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரிடம் இப்போது அந்த உரிமை இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊராரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

முதலில் வாட்ஸ்அப் செய்தியைப் பார்ப்போம். நாவலின் பாத்திரங்கள், நாடுகள், வரைபடம், சம்பவங்கள் ஆகியவற்றை எடுத்து விதிநூலுக்குள் வைப்பது, பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 14ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டுமே தருகிற மறுபதிப்பு, தழுவல் உரிமைகளுக்குள் வரும். அதற்கான உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று 19ஆம் பிரிவு கேட்கும் விவரங்கள் உரிமங்களுக்கும் பொருந்தும் என்கிறது 30ஏ. ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்ற வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நாளை வழக்கு வந்தால், அவர் மனமுவந்து சம்மதித்தார் என்று காட்ட அந்தச் செய்தி உதவும். அதற்குமேல் அதை நம்ப முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். நீங்களோ சிங்கப்பூரிலிருந்து உலகத்துக்கு விற்கப் போகிறீர்கள். ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்கள் தாளில் இல்லாவிட்டால், டொரன்டோவில் இருக்கும் தமிழருக்கு நீங்கள் அனுப்பும் முதல் பிரதியே உரிமத்துக்கு வெளியே போய்விடும்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்தச் சினிமாக் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான்.

ஏனென்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். ஆங்கில நாவலாசிரியர் டோல்கீன் 1969இல் ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டின் திரைப்பட, வணிகப்பொருள் உரிமைகளை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 1976இல் அவை சால் ஸேன்ட்ஸ் என்ற தயாரிப்பாளரிடம் போயின. 2022இல் ஸ்வீடனின் எம்ப்ரேஸர் குழுமம் வாங்கியது. இன்று அந்த நாவல்கள் நடக்கும் மத்திய உலகத்தை வைத்து ஒரு ஆர்.பி.ஜி. போட நினைப்பவர் டோல்கீனின் வாரிசுகளின் சம்மதத்தை மட்டும் வாங்கிவந்தால் காரியம் நடக்காது. விளையாட்டு உரிமை டோல்கீன் உயிரோடிருந்த காலத்திலேயே, சினிமா உரிமையோடு சேர்ந்து வேறு கைக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இது இன்னும் சுலபமாக நடக்கிறது. எழுத்தாளர்கள் சினிமா ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நகலைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். உள்ளே ‘திரைப்படம், தொலைக்காட்சி, இணையத்தொடர், விளையாட்டுகள், வணிகப்பொருட்கள் உள்ளிட்ட அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரே பத்தியில் அத்தனையும் எழுதப்பட்டிருக்கும். வாழ்நாள் உழைப்பை ஒரு பத்தியில் இழந்தவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆசிரியரிடம் அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால், நகல் தரும்படி அவரே அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதட்டும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மூன்றைத் தேடுங்கள். விளையாட்டு, வணிகப்பொருள் என்ற சொற்கள் இருக்கின்றனவா? காலம் எவ்வளவு? படம் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஏதாவது சொல்கிறதா? உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்று 19(4) சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. விவரம் தெரிந்த தயாரிப்பாளர்கள் அதற்கென்றே ஒரு வரி சேர்த்திருப்பார்கள். ‘ஒப்பந்தம் போட்ட நாளில் வழக்கத்தில் இல்லாத ஊடகம் அதில் சேராது’ என்ற 18ஆம் பிரிவின் விலக்கையும் நம்ப வேண்டாம். இதே வகை விளையாட்டான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) 1974லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எது எப்படியிருந்தாலும், ஆர்.பி.ஜி. உரிமையில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்த நிறுவனத்திடம் எழுதி வாங்குவதே நிம்மதி. நாவலைப் போட்ட பதிப்பாளரிடமும் அப்படி ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், எதற்கு அனுமதி வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். ஆட்ட விதி யாருக்கும் சொந்தமல்ல. இருபது பக்கப் பகடையை உருட்டி ஒரு எண்ணைத் தாண்டினால் வெற்றி என்ற முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த விதியை விளக்கி எழுதிய வாசகங்களுக்கு உண்டு. 2008இல் ஸ்க்ராபிள் விளையாட்டை இணையத்தில் ‘ஸ்க்ராபுலஸ்’ என்று நடத்திய கொல்கத்தா சகோதரர்கள்மேல் மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இடைக்கால உத்தரவில் பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை கேட்ட வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வணிகக்குறியைப் போலிருந்த பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது.

உங்கள் விதிகள் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பைத் தழுவியவையாக இருந்தால், அதன் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. நன்றிக்குறிப்பை அவர்கள் சொன்ன வாசகத்திலேயே போட்டுவிட்டு வணிக ரீதியாகவும் பயன்படுத்தலாம். அவர்களின் வணிகக்குறிகளை மட்டும் உங்கள் அட்டையில் போட்டுவிடாதீர்கள்.

பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. 1970களில் டி அண்ட் டி நூல்களில் ஹாபிட், என்ட், பால்ராக் எல்லாமே இருந்தன. டோல்கீன் உரிமையாளர்கள் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்ததும் அவை ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலர் என்று மாறின. குள்ள மனிதர்கள், நடக்கும் மரங்கள் என்ற கற்பனை அப்படியே தங்கிவிட்டது. கருத்து பொது, வெளிப்பாடு தனி என்று நம் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் சொன்னதும் இந்த வழியில்தான். ஆனால் உங்கள் திட்டம் அந்த நாவலின் பெயரால் விற்கப் போகிறது. பெயரை மாற்றித் தப்பிக்கும் வழி உங்களுக்கு இல்லை.

சரி, உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் ‘விளையாட்டு உரிமை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அச்சு விதிநூல், பி.டி.எஃப்., சாகசத் தொகுப்புகள், பகடை, வரைபடம், மினியேச்சர் பொம்மைகள், ஆங்கிலப் பதிப்பு, நீங்கள் ஆடுவதை யூடியூபில் ஒளிபரப்புவது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நிதி இலக்கைத் தாண்டினால் பொம்மைகள் தருவோம் என்று பிரச்சாரத்தின் நடுவில் அறிவித்துவிட்டு, பொம்மைக்கு உரிமை இல்லை என்று பிறகு கண்டுபிடிப்பது பெரிய சங்கடம்.

காலம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். மத்திய உலகத்தை வைத்து 2011இல் ‘தி ஒன் ரிங்’ விளையாட்டைக் கொண்டுவந்த க்யூபிகிள் 7 நிறுவனம், இரண்டாம் பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தபோதே 2019இல் உரிமத்தை இழந்தது. பிறகு ஃப்ரீ லீக் என்ற ஸ்வீடன் நிறுவனம் புதிதாக உரிமம் பெற்று, 2021இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் தன் பதிப்பைக் கொண்டுவந்தது. உங்கள் கையில் இருப்பில் உள்ள பிரதிகளை விற்றுத்தீர்க்க ஒரு காலக்கெடுவும், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு அனுப்பும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ராயல்டி எந்தத் தொகைமேல்? இதில்தான் நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பிராண்டன் சாண்டர்சனின் நாவல்களை வைத்து பிரதர்வைஸ் கேம்ஸ் 2024 ஆகஸ்டில் நடத்திய ‘காஸ்மியர் ஆர்.பி.ஜி.’ பிரச்சாரத்தில் 1.5 கோடி டாலருக்கு மேல் திரண்டது. இப்படிப்பட்ட எண்ணைப் பார்க்கும் ஆசிரியர், அதில் இத்தனை சதவீதம் என்று மனக்கணக்குப் போடுவது இயல்பு. ஆனால் திரையில் தெரியும் தொகையில் கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதம், பணப்பரிமாற்றக் கட்டணம், அச்சுச் செலவு எல்லாம் போக வேண்டும். சில திட்டங்களில் தபால் செலவும் அதற்குள்ளேயே இருக்கும். எதையெதைக் கழித்த பிறகு ராயல்டி என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பத்திரத்திலேயே இணைத்துவிடுங்கள். கையெழுத்தின்போது ஒரு முன்பணமும் கொடுங்கள். பெரியவரை, பணம் வந்தபின் பார்க்கலாம் என்று காத்திருக்க வைப்பது முறையல்ல.

ஆசிரியரின் ஒப்புதலும் முக்கியம். இந்த விளையாட்டில் ஆடுபவர் நினைத்தால் கதாநாயகனையே வில்லனாக்கலாம். ஆட்டத்தில் நடப்பது ஆடுபவரின் கற்பனை. நீங்கள் அச்சிட்டுத் தருவது அப்படியல்ல. படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் குலைப்பதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் 57ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கு உண்டு. மன்னு பண்டாரியின் ‘ஆப் கா பண்டி’ நாவலைத் தழுவிய இந்திப் படம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் இந்த உரிமையை உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஆசிரியருக்கு அனுப்பி, குறித்த நாட்களுக்குள் ஒப்புதல் பெறும் முறையை எழுதிவைத்தால் இருவருக்கும் நல்லது. அவர் வயதைக் கருதி, ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற வரியை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் அக்கா. இந்தியாவிலிருந்து நேரடியாகக் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க வழியில்லாததால் அவர் பெயரை யோசித்திருக்கிறீர்கள். அவர் பெயரில் தொடங்கினால், பணம் கட்டுகிறவர்களோடு ஒப்பந்தம் செய்பவர் அவர்தான். பொருள் போய்ச்சேராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இதை அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறீர்களா? 2012இல் லவ்க்ராஃப்டின் கற்பனை உலகத்தை வைத்து ‘தி டூம் தட் கேம் டு அட்லான்டிக் சிட்டி’ என்ற பலகை விளையாட்டுக்கு 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். திட்டத்தை நடத்தியவர் விளையாட்டைத் தரவில்லை. பணம் சொந்தச் செலவுக்குப் போனது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2015இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில், 810 பேரிடம் 25,146 டாலர் திரட்டிவிட்டுச் சீட்டுக்கட்டு அனுப்பாத ஒரு நிறுவனத்துக்கு வாஷிங்டன் மாநில நீதிமன்றம் 54,851 டாலர் கட்ட உத்தரவிட்டது. வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

எனவே அக்காவுக்கும் உங்களுக்கும் இடையே தனி ஒப்பந்தம் தேவை. உரிமத்தை அவருக்குத் துணை உரிமமாகக் கொடுக்க ஆசிரியர் அனுமதித்திருக்க வேண்டும். அக்கா உங்களிடமிருந்து பிரதிகளை வாங்குவதாகக் கணக்கு இருக்க வேண்டும். எங்கேயும் ‘நன்கொடை’ என்று எழுதாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற தனிச் சட்டம் இருக்கிறது. வியாபாரத்தில் பொருளுக்கு விலையாக வரும் பணம் அதில் சேராது. லாபத்தில் பங்கு தருவோம் என்றும் அறிவிக்க வேண்டாம். அது செபி பார்வைக்குள் வரும் விவகாரம். நீங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி முன்பணம் வாங்கினால், 365 நாட்களுக்குள் பொருளைக் கொடுத்து அந்தப் பணத்தைக் கணக்கில் நேர்செய்ய வேண்டும். தவறினால் அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் ‘டெபாசிட்’ ஆகிவிடும். ஓவியர் தாமதித்தார், அச்சகம் தாமதித்தது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. ஜி.எஸ்.டி., ஏற்றுமதிக் கணக்குகளை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஓவியரிடமும் உரிமையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி வரையச் சொன்னவருக்கே சேரும் என்றாலும், எழுத்தில் இருந்தால் பின்னால் தகராறு வராது. நாவலின் பழைய அட்டைப்படத்தைப் பயன்படுத்த விரும்பினால், அதற்கு ஆசிரியரின் அனுமதி போதாது.

சினிமா நிறுவனம் மசியவில்லை என்றால் என்ன செய்வது? பதிப்புரிமை முடிந்த படைப்புக்குப் போகலாம். கல்கி 1954இல் மறைந்தார். இந்தியாவில் 60 ஆண்டுகள் கழிந்து, 2014 முடிவோடு அவர் எழுத்துகளின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ கதையை விளையாட்டாக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அதற்கு வரைந்த மணியம் மறைந்தது 1968இல். அவருடைய ஓவியங்களின் காலக்கணக்கு வேறு. 2022இல் வந்த படத்தின் உடை, ஒப்பனை, எழுத்துரு எதையும் தொடக் கூடாது. ‘எங்கள் நாவலை விட்டு நகர முடியாது’ என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. அந்தப் பிடிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்காக ஒப்பந்தம் இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள். பிரச்சாரம் நடக்கும்போதே அந்த நிறுவனம் கிக்ஸ்டார்ட்டருக்கு ஒரு உரிமைமீறல் நோட்டீஸ் அனுப்பினால் உங்கள் பக்கம் முடங்கும். இங்கே நீதிமன்றத் தடை வரலாம். தெரிந்தே மீறுவது 63ஆம் பிரிவின்கீழ் குற்றமும்கூட; 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். புத்தகக் கண்காட்சி அடுத்த ஆண்டும் நடக்கும். நிறுவனத்தின் பதில் வரும்வரை உங்கள் விதிகளை வீட்டு மேசையில் நண்பர்களோடு ஆடிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருங்கள். அப்படித் தனிப்பட்ட முறையில் ஆடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.