நலம் தேடும் விரல்கள்

நுழையும்முன்

நோய் வந்தால் முன்பு ஊரில் மூத்தோரைக் கேட்டோம்; இன்று கைப்பேசியைக் கேட்கிறோம். கேட்டவுடன் விடை வருகிறது. வந்த விடை நம் உடலுக்கு உரியதுதானா என்பதை யார் சொல்வது? கல்லூரி வாசலை எட்டவிருக்கும் நீங்கள், நாளை உங்களுக்காக மட்டுமன்றி உங்கள் வீட்டாருக்காகவும் தேடப்போகிறவர்கள். அத்தேடலை எங்குத் தொடங்குவது, எங்கு நிறுத்துவது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வீட்டின் கண்ணாகும் மாணவர்

விருதுநகர் மாவட்டத்து நரிக்குடி, கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரி வேளாண்மையையும் நம்பி வாழும் வறண்ட நிலப்பகுதி. விருதுநகர் – மானாமதுரை இரயில் பாதையில் அமைந்த இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மாணவர்கள் உயர்கல்விக்காக அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் செல்கின்றனர். அவர்களுள் பலர், தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர்.

விடுமுறைக்கு வீடு திரும்பிய மாணவியிடம், "தாயி, அப்பத்தாவுக்குக் காலு வீங்கிக்கிட்டே இருக்கு. ஒன் செல்லுல என்னான்னு பாரு" என்று தாய் சொல்வது இங்கு அரிய காட்சியன்று. படித்த பிள்ளை பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஒரு மாணவி தனக்காகத் தேடும்போது பிழை நேர்ந்தால் அது அவளோடு முடியும். வீட்டிற்காகத் தேடும்போது நேரும் பிழை, எழுத்தறியாத முதியவரின் உடலைத் தாக்கும். ஆகவே, மாணவரின் தேடல் அவருடைய தனிப்பட்ட பழக்கம் மட்டுமன்று. குடும்பப் பொறுப்பும் ஆகும்.

ஏன் தேடுகின்றனர்?

மாணவர் இணையத்தை நாடுவதில் நியாயம் உண்டு. மருத்துவரிடம் சில நிமிடங்களே பேச முடிகிறது. இணையமோ நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. மாதவிடாய்த் துன்பம், பருவ வயது மாற்றங்கள், மனச்சோர்வு போன்றவற்றைப் பெற்றோரிடம் பேசக் கூசும் இளையோர், முகம் தெரியாத திரையிடம் தயங்காமல் கேட்கின்றனர். விடுதியில் தனித்திருக்கும் மாணவருக்கு, 'இத்துன்பம் எனக்கு மட்டும் வந்ததன்று' என்று அறிவதே பெரும் ஆறுதலாகிறது. எனவே, தேடாதே என்று தடுப்பது தீர்வாகாது. தேடும் முறையைக் கற்பதே தேவை.

இணையவழி நலத் தகவலைத் தேடி, புரிந்து, மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறனை 'மின்னணு நல எழுத்தறிவு' எனலாம். இதனை அளவிட, கனடா நாட்டு ஆய்வாளர்களான கேமரன் நார்மன், ஹார்வி ஸ்கின்னர் ஆகியோர் 2006ஆம் ஆண்டு எட்டுக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். உலகின் பல நாடுகளில் பல்கலைக்கழக மாணவரின் தேடல் திறனை அறிய இவ்வளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. படிக்கத் தெரிவது வேறு, மதிப்பிடத் தெரிவது வேறு என்பதே இத்துறை உணர்த்தும் முதற்பாடம்.

தேடுபொறி மருத்துவர் அன்று

தலைவலி என்று தட்டச்சு செய்தால், தூக்கமின்மை முதல் மூளைக்கட்டி வரை அனைத்தும் திரையில் வரிசையாக நிற்கும். 2009ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள் இருவர் இதனை ஆராய்ந்தனர். சாதாரணத் தலைவலி குறித்த தேடல்கூட மிக அரிதான மூளைக்கட்டியை நோக்கிப் பயனரை இட்டுச்செல்வதையும், அதனால் அச்சம் பெருகுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இதற்குக் காரணம் எளியது. தேடுபொறி, சொற்களின் பொருத்தத்தையும் பக்கங்களின் செல்வாக்கையும் கொண்டே விடைகளை வரிசைப்படுத்துகிறது. அந்நோய் நமக்கு வந்திருக்க எவ்வளவு வாய்ப்புண்டு என்பதை அது கணக்கிடுவதில்லை. மருத்துவரோ வயதைக் கேட்கிறார், நாடி பார்க்கிறார், முன்பு உண்ட மருந்தை வினவுகிறார். பின்னரே முடிவுக்கு வருகிறார். முதலில் தோன்றும் விடை முதன்மையான விடையாக இருக்க வேண்டியதில்லை.

அழகிய பக்கமும் ஆழமற்ற செய்தியும்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு கண்ணாடி. 25 மாணவர், 10 வரலாற்று அறிஞர், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர் ஆகியோரிடம் இணையப் பக்கங்கள் தரப்பட்டன. அவற்றுள் இரண்டு, குழந்தை மருத்துவர் அமைப்புகளுடையவை. ஒன்று, 1930இல் தோன்றிப் பல்லாயிரம் உறுப்பினரைக் கொண்ட அமைப்பு. மற்றொன்று, 2002இல் பிரிந்து சென்ற சிறு குழு. இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. பக்கங்களும் நேர்த்தியாக இருந்தன.

மாணவர்கள் அப்பக்கத்திற்குள்ளேயே நின்று, எழுத்தமைப்பையும் படங்களையும் கண்டு பெரிதும் ஏமாந்தனர். தகவல் சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சில நொடிகளிலேயே அதைவிட்டு வெளியேறி, 'இவ்வமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர்?' என வேறு பக்கங்களில் தேடினர். உண்மை விரைவில் புலப்பட்டது. இம்முறை 'பக்கவாட்டு வாசிப்பு' எனப்படுகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் தம்மைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நம் வழக்கமும் இதுவே.

வதந்தி தந்த படிப்பினை

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 6ஆம் நாள் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஊசி செலுத்துவது அதன் நோக்கம். அப்போது, தடுப்பூசியால் தீங்கு நேரும் என்ற பொய்ச்செய்திகள் வாட்சப் வழியே பரவின. பெற்றோர் பலர் அஞ்சித் தயங்கினர். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா தொற்றினால் பிறக்கும் குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியன பாதிக்கப்படலாம் என்ற மெய்ச்செய்தியைவிட, பெயரில்லாத குரல்பதிவு விரைவாகச் சென்றது.

2020 ஏப்ரலில் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், ஊமத்தை விதை கொரோனாவைத் தடுக்கும் என்ற காணொளியை நம்பிய இரு குடும்பத்தினர், அதனை உட்கொண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஊமத்தை நம் ஊர்ப் புறம்போக்கிலும் முளைக்கிறது. 'இயற்கையானது' என்ற ஒரு சொல், நஞ்சை மருந்தாக்கிவிடாது.

தேடக் கூடாத நேரம்

சில நேரங்களில் தேடுவதே தீங்காகும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது.

வறண்ட நிலத்து இரவுகளில் தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டக்கூடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. 'வலியில்லை, வீக்கமில்லை' என்று தேடினால், கவலை வேண்டாம் என்று திரை சொல்லக்கூடும். ஆனால், சில மணி நேரத்தில் இமைகள் சரியும். மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும். அந்நேரத்தில் செய்ய வேண்டியன சில: கடிபட்டவரை அமைதிப்படுத்துதல்; கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்தல்; மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றுதல்; 108க்கு அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதல். இறுகக் கட்டுதலும், கீறுதலும், உறிஞ்சுதலும் கூடா. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். இங்குக் கைப்பேசி தேடுவதற்கன்று, அழைப்பதற்கு.

தெரிந்து தெளிவோம்

தமிழில் நவீன மருத்துவ அறிவைத் தேடும் முயற்சி புதியதன்று. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றினார். தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவக் கல்வியும் அளித்தார். தாய்மொழியில் புரிந்தால்தான் மருத்துவம் மக்களைச் சேரும் என்பதை அவர் பணி உணர்த்துகிறது.

நான்காம் கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து துணைபுரிபவரையும் ஒரு கூறாக வள்ளுவர் வைத்தார். கைப்பேசியோடு நிற்கும் மாணவருக்கு உரிய இடம் இந்நான்காம் இடமே. இரண்டாம் இடத்தில் அமர முயல்வதே பிழைகளின் தொடக்கம்.

நரிக்குடி மாணவியிடம் மீண்டும் செல்வோம். கால் வீக்கத்திற்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல், உண்ணும் மாத்திரை எனக் காரணங்கள் பல உண்டு என்பதைத் தேடல் அவளுக்குக் காட்டும். 'இதுதான் நோய்' என்று அவள் முடிவு கூறத் தேவையில்லை. வீக்கம் என்று தொடங்கியது, ஒரு காலிலா இரு கால்களிலுமா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, சிறுநீர் குறைந்துள்ளதா எனக் கேட்டு ஒரு தாளில் எழுதலாம். அப்பத்தா உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துவைக்கலாம். ஐயம் இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், மனநலம் சார்ந்த துன்பத்திற்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும் கேட்கலாம். பின்னர் அப்பத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, முதியவரால் கோவையாகச் சொல்ல இயலாததை அவள் சொல்லலாம். அவள் தேடியதன் பயன் அங்கே நிறைவுறும்.

நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்கும் தேடல் நல்ல தேடல். அதனைக் கூட்டும் தேடல் தீய தேடல். விரல் திரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்ப வாட்சப் குழுவில் வந்த நலச்செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார், சான்று என்ன, அதனால் பயன்பெறுபவர் யார் என்னும் நான்கு வினாக்களால் ஆராய்ந்து வகுப்பில் பகிர்க.

2. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் உடல்நலக் குறையை, மருத்துவரிடம் காட்டத்தக்க ஒரு பக்கக் குறிப்பாக எழுதுக.

3. 'தேட வேண்டிய நேரமும் தேடக் கூடாத நேரமும்' என்னும் தலைப்பில் ஊர் மக்களுக்கான அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.