ஒற்றைப் பிள்ளையும் குடும்ப நகைச்சுவைத் தொடர்களும்

உடன்பிறப்பு இல்லாமல் வளரும் பிள்ளைக்கு வீட்டில் சரிக்குச் சரி சண்டை போட ஆள் கிடையாது. விளையாட ஆள் இல்லை என்பதுதான் வெளியே தெரியும் குறை. பள்ளியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதை ஓரளவு நிரப்பிவிடுவார்கள். ரிமோட்டுக்காக அடித்துக்கொண்டு, காய் விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பழம் விடும் பழக்கத்தை நிரப்பத்தான் யாரும் இல்லை. ஒற்றைப் பிள்ளை மோதுவதெல்லாம் பெரியவர்களோடு. அம்மா பேசாமல் இருந்தால் வீடே அடங்கிப்போகிறது. நடுவில் தூது போக இன்னொரு பிள்ளை இல்லை. குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் இவர்களுக்கு ஆறுதலாவது இந்த இடத்தில்தான்.

இந்த வகைத் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செழித்து வளர்ந்தது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதற்குள் ஒரு சண்டை மூண்டு, முற்றி, தீர்ந்துவிட வேண்டும். 1969 முதல் 1974 வரை ஓடிய ‘தி பிராடி பஞ்ச்’ இதற்குப் பழைய உதாரணம். மூன்று மகன்களோடு இருக்கும் ஒருவர், மூன்று மகள்களோடு இருக்கும் ஒரு பெண்ணை மணக்கிறார். ஆறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே குளியலறை. 1987இல் தொடங்கிய ‘ஃபுல் ஹவுஸ்’ சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கதை. மனைவியை இழந்த ஒருவர் தன் மூன்று பெண்களை மைத்துனர், நண்பர் ஆகிய இருவரின் துணையோடு வளர்க்கிறார். முதல் பாகத்திலேயே மூத்தவள் டிஜே, தங்கையோடு அறையைப் பகிர மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு கார் நிறுத்தும் கொட்டகைக்குக் குடிபோகிறாள். தனக்கென்று அறை இருக்கும் ஒற்றைப் பிள்ளைக்கு இந்தக் காட்சி நேர்மாறாகப் புரியும். டிஜே எதை வேண்டாம் என்கிறாளோ, அதுவே அந்தப் பிள்ளைக்கு ஆசையாக இருக்கும்.

2000 முதல் 2006 வரை வந்த ‘மால்கம் இன் தி மிடில்’ இவற்றிலிருந்து விலகி நிற்பது. அதில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. வீடு குப்பையாகக் கிடக்கும், பணம் எப்போதும் பற்றாது. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் ஈவிரக்கமில்லாமல் வதைப்பார்கள். வெளியாள் ஒருவன் அவர்களில் ஒருவனைத் தொட்டால் மட்டும் மற்றவர்கள் திரண்டு வந்துவிடுவார்கள். உடன்பிறந்தவர் உறவை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடர்கள் குறைவு. ஒற்றைப் பிள்ளைக்கு ஒரே ஒரு தொடரைக் காட்ட முடியும் என்றால், பத்து வயது தாண்டியதும் இதைக் காட்டலாம்.

உடன்பிறப்புக்கான இந்தப் பசி சீனாவில் ஒரு தலைமுறைக்கே இருந்தது. 1980 வாக்கில் தொடங்கிய ஒரு பிள்ளைக் கொள்கை 2015இன் முடிவில்தான் கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில், 2005இல், ‘ஜியா யோவ் அர் நூ’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. ஒரு பையனோடு இருக்கும் தாய், ஒரு மகளும் ஒரு மகனும் உள்ள தந்தையை மறுமணம் செய்துகொள்கிறாள். இளைய மகன் அமெரிக்காவில் வளர்ந்தவன். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கூட்டிவைக்க இப்படி ஒரு கதை தேவைப்பட்டது. உடன்பிறப்பே இல்லாத நகரத்துப் பிள்ளைகள், சியாவ் சுவே, லியூ சிங், சியா யூ மூவரும் கட்டிப் புரளும் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தார்கள். அங்கே இழப்பு உடன்பிறப்போடு நிற்கவில்லை. ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்துகொண்டால், அவர்களுடைய பிள்ளைக்குச் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்று கூப்பிட நேர் உறவில் யாரும் இருப்பதில்லை.

திரையில் வரும் மனிதர்களோடு பார்வையாளருக்கு ஒருதலையாக ஒரு நெருக்கம் உண்டாவதை டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதினார்கள். மனதுக்குப் பிடித்த தொடரை நினைப்பதே தனிமை உணர்வைக் குறைக்கிறது என்று 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆறுதல் தேடுவதால் அந்தப் பிள்ளையிடம் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. டோனி ஃபால்போ, டெனிஸ் போலிட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1986இல் வெளியிட்ட அலசலில், ஒற்றைப் பிள்ளைகளின் குணம் மற்றப் பிள்ளைகளின் குணத்திலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. ‘ஒத்தப் பிள்ளை, அதான் பிடிவாதம்’ என்று உறவினர் சொல்லும் தீர்ப்புக்கு ஆதாரம் கிடையாது.

இதை எழுதுபவரும் ஒற்றைப் பிள்ளை. பள்ளி விட்டு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, அம்மா வரும்வரை டிவி முன்னால் சோறு சாப்பிட்டவர். அந்தத் தொடர்கள் அவருக்குத் தந்தது ஒரு நம்பிக்கை: சண்டை போட்டால் உறவு அறுந்துவிடாது. அம்மாவிடம் எதிர்த்துப் பேசிவிட்டு, இனி எல்லாம் முடிந்தது என்று நடுங்கிய வயதில் அது சின்ன உதவி இல்லை. தவறாகக் கற்றதும் உண்டு. தொடரில் அக்கா தங்கையைக் குத்திப் பேசினால் சிரிப்பொலி எழும். அந்தச் சிரிப்பு, பேச்சின் விஷத்தை எடுத்துவிடும். அதே மாதிரி ஒரு பேச்சை அவர் கோடை விடுமுறையில் பெரியப்பா மகளிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு நாள் பேசவில்லை. 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று காத்திருந்தது வீணானது. தானே எழுந்து போய்ப் பேச வேண்டும் என்பதை எந்தத் தொடரும் அதுவரை அவருக்கு உறைக்கும்படி சொல்லியிருக்கவில்லை.

ஆகவே பெற்றோர் செய்யக்கூடியது, வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. மூன்று பேர் சேர்ந்து சிரித்த ஒரு பாகம், தனியாகப் பார்த்த பத்துக்குச் சமம். காட்சி முடிந்ததும் ‘அவள் அப்படிச் சொன்னது உனக்கு வலிச்சிருக்குமா?’ என்று ஒரு கேள்வி போதும். பாடம் நடத்த வேண்டாம். ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தடுக்கவும் வேண்டாம். முடிவு தெரிந்த சண்டை என்பதால்தான் அது நிம்மதி தருகிறது. தூக்கத்துக்கு மட்டும் டிவி துணையாகக் கூடாது. பேச்சுச் சத்தம் இல்லாமல் தூங்க முடியாத பழக்கம் பின்னால் எளிதில் விடாமல் போகலாம்.

பெரியவர்களான பிறகும் இந்தத் தேவை தீர்வதில்லை, இடம்தான் மாறுகிறது. ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ தொடரில் நடுவயது அண்ணன் தம்பி இருவர், எதிர்வீட்டில் இருக்கும் பெற்றோரைப் பற்றி ஓயாமல் புலம்புவார்கள். அண்ணன் ராபர்ட்டுக்குத் தம்பி மேல் தீராத பொறாமை. ஆனாலும் அதே அம்மாவை, அதே அப்பாவை அறிந்த இன்னொருவன் பக்கத்தில் இருக்கிறான். பெற்றோருக்கு வயதாகும்போது ஒற்றைப் பிள்ளைக்கு மிகவும் உறைப்பது இது இல்லாததே. மனைவியோ கணவனோ நண்பரோ இந்த ஓர் இடத்தை முழுதாக நிரப்ப முடிவதில்லை.

தமிழில் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைதான். விடுமுறைக்கு அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் டிவியை நிறுத்தி வையுங்கள். சண்டை வந்தால் உடனே ஓடிப்போய் விலக்கிவிடாதீர்கள். யாருக்கும் அடிபடாதவரை பொறுத்திருங்கள். பழம் விடும் வேலையைப் பிள்ளைகளே செய்துகொள்ளட்டும்.