அன்பு குறையாத சிக்கனம்

தீபாவளி வந்துவிட்டால் உறவினர்களுக்குப் புத்தாடை, பலகாரம், அன்பளிப்பு உறை எனக் கொடுத்து மகிழ்வது சிங்கப்பூர்த் தமிழர்களின் வழக்கம். குடும்பம் பெரிதாக இருந்தால், சிலருக்கு அதுவே சுமையாகிவிடுகிறது.

பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் மட்டும் 12 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற 11 பேருக்கும் பரிசு வாங்கினால், மொத்தம் 132 பரிசுகள் தேவைப்படும். ஒரு பரிசின் விலை 15 வெள்ளி என்றாலும் ஒருவருக்கு 165 வெள்ளி செலவாகும். இதற்கு மாறாக, பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கலாம். அப்போது 12 பரிசுகளே போதும். பரிசின் விலை 40 வெள்ளியைத் தாண்டக்கூடாது என முடிவு செய்தால், பெறுபவருக்குப் பயனுள்ள பொருள் கிடைக்கும். கொடுப்பவருக்குக் குறைந்தது 125 வெள்ளி மிஞ்சும்.

பிள்ளைகளுக்கான அன்பளிப்பு உறையில் எவ்வளவு வைப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். முறுக்கு, நெய் உருண்டை போன்ற பலகாரங்களை ஒரே வீட்டில் கூடிச் செய்து பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். இளையோரும் அவற்றைச் செய்யக் கற்றுக்கொள்வர். கடைசி நேரத்தில் தேக்காவின் கூட்ட நெரிசலில் கண்டதை வாங்குவதைவிட, பட்டியலிட்டு முன்னதாகவே வாங்குவது நல்லது.

இந்த ஏற்பாட்டில் பணத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. வேலை இழந்தவரோ குறைந்த வருமானம் உடையவரோ கடன் வாங்கிப் பரிசு கொடுக்க வேண்டியதில்லை; வெறுங்கையுடன் வரக் கூச்சப்பட்டு விருந்தைத் தவிர்க்கவும் தேவையில்லை. உறவினர் அனைவரும் மனநிறைவோடு ஒரே பந்தியில் அமர வழிசெய்யும் சிக்கனம் ஒருபோதும் கஞ்சத்தனம் ஆகாது.