பழைய பைக், புது இக்னிஷன்: டைமிங் வைக்கும் விதம்

டிரையம்ஃப் போன்வில் 650 வைத்திருப்பவர்களில் சிலர், பாயின்ட் செட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியதும் டைமிங் தானாகவே சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. கையால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இன்ஜினுக்கு முழு அட்வான்ஸ், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 38 டிகிரி முன்னால். அதை ஐடிலில் தேடக் கூடாது. பிரைமரி கவரின் சிறு மூடியைக் கழற்றி, இக்னிஷன் கிட்டின் கையேடு சொல்லும் வேகம் வரை ஆக்ஸிலரேட்டரை முறுக்கி ஸ்ட்ரோப் விளக்கைக் காட்டினால், உள்ளே தெரியும் ரோட்டரின் கோடு முள்ளுக்கு நேரே அசையாமல் நிற்க வேண்டும். விலகினால் கேம்ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்டேட்டர் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தினால் போதும். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால், தட்டில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் தீப்பொறி முந்தும்.

அந்த ரோட்டர் கோட்டையே முதலில் சந்தேகிப்பது நல்லது. பழைய ரோட்டர்களில் நடுக்குடம் தளர்ந்து, கோடு இடம் மாறியிருப்பதுண்டு. அதை நம்பி டைமிங்கை அதிகம் முந்த வைத்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். டிகிரி வட்டைப் பொருத்தி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

வண்டி பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்; ஸ்ட்ரோபுக்குத் தனி பேட்டரி கொடுப்பது நல்லது. பழைய ஸ்பிரிங் அட்வான்ஸ் யூனிட்டை எடுத்துவிட வேண்டும், அந்த வேலையை இனி எலெக்ட்ரானிக் இக்னிஷனின் மின்பெட்டி பார்த்துக்கொள்ளும். பிளக் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக்கரை உதைக்கவே கூடாது, பெட்டி பழுதாகலாம்.