தண்ணி குடுத்தா இன்னும் போகுமா?



போன கோடை லீவில் என் தம்பிக்கு பேதி ஆனது. மதியத்துக்குள் ஏழெட்டு தடவை போய்விட்டான். "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்று அப்பாயி சொன்னார். அம்மாவும் கொடுக்கவில்லை. சாயங்காலம் அவன் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீரே வரவில்லை. நர்சம்மா வந்து ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். ராத்திரி மூத்திரம் போனான். "இனி பயமில்லை" என்றார்.

அப்பாயி சொன்னது தப்பு என்று யார் கண்டுபிடித்தது? எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னதையும் நான் படித்ததையும் எழுதுகிறேன்.

1971-ல் வங்காளதேசப் போர் நடந்தது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பங்கான் என்ற ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் தரையிலேயே கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, டிரம்மில் வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே மொண்டு கொடுத்தார்கள். ரொம்ப மோசமானவர்களுக்கு மட்டும் சலைன். முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். அவர் பார்த்தவர்களில் இறந்தது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. அந்த அவசரத்திலும் அவர் கணக்கு எழுதி வைத்ததால்தான் உலகம் நம்பியது.

"வேறு காரணத்தால் பிழைத்திருந்தால்?" என்று டீச்சரிடம் கேட்டேன். அதற்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும் என்றார். அது 1968-லேயே டாக்காவில் நடந்திருக்கிறது. டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற டாக்டர்கள் காலரா நோயாளிகளைப் பிரிவு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். கரைசல் குடித்தவர்களுக்கு சலைன் தேவை நூற்றுக்கு 80 பங்கு குறைந்தது. ஆஸ்பத்திரியில் தெரிந்த உண்மையை, டாக்டரே போதாத முகாமில் மகலனாபிஸ் செய்து காட்டினார்.

அது எப்படி வேலை செய்கிறது? பேதியின்போது குடல் வெறும் உப்பை சரியாக உறிஞ்சாது. ஆனால் குளுக்கோஸும் உப்பும் ஒன்றாக வந்தால் கைகோத்து உள்ளே போகும் வழி ஒன்று இருக்கிறது. காலராவிலும் அந்த வழி மூடுவதில்லை. அவை போனதும் தண்ணீர் பின்னாலேயே போகும். நாம் படித்த சவ்வூடு பரவல்தான் இது! கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. உடம்பு வற்றிப் போகாமல் காக்கும். சாவது வற்றிப் போவதால்தான்.

பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்:
• கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர்
• சர்க்கரை 6 டீஸ்பூன் (தலை தட்டியது)
• உப்பு அரை டீஸ்பூன் (தலை தட்டியது)

உப்பு கூடினால் ஆபத்து. பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, ரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. 108-க்கு போன் செய்யுங்கள்.

டாக்டர் மகலனாபிஸ் 2022-ல் இறந்தார். மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு பேதி. "சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறியே, உப்பு சக்கர தண்ணி கலக்குடி" என்று என்னை விரட்டியது யார் தெரியுமா? எங்கள் அப்பாயிதான்!

நீங்களும் இன்று வீட்டுக்குப் போய் அந்த அளவைச் சொல்லுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி