முள் குத்திய இடத்திலே

சிலிபினில் உள்ள ஒரு திடலில் மாலை நேரத்தில் சிறுவர்கள் பந்து விளையாடுகிறார்கள். புதருக்குள் விழுந்த பந்தை எடுக்கப்போன ஒருவனின் காலில் முள் குத்திவிடுகிறது. முள்ளோடு சேர்ந்து நுண்ணுயிரிகளும் தோலுக்குள் நுழைகின்றன. சில மணி நேரத்தில் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அங்கே நடப்பது என்ன?

இக்கேள்விக்கு விடை தேடியவர் ரஷ்ய விலங்கியல் அறிஞர் எலி மெச்னிகோவ். 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம் உயிரியில் அவர் சிறு முட்களைச் செருகினார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலைக் காக்கும் உயிரணுக்கள் ஆபத்தை நோக்கி நகர்ந்து செல்கின்றன என்பதை அவர் உணர்ந்தார். 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெள்ளையணுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. எனினும், காயத்திலிருந்து பரவும் வேதிப்பொருள்களை அதன் மேற்பரப்பு உணர்கிறது. அவை மிகுந்திருக்கும் பக்கமே அதற்கு முன்பக்கமாகிறது. உயிரணுவுக்கு உருவம் தரும் நுண்ணிய இழைகளின் அமைப்பு 'உயிரணுச் சட்டகம்' எனப்படும். முன்பக்கத்தில் ஆக்டின் என்னும் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து இழைகளாக வளர்ந்து, உயிரணுவின் சவ்வை முன்னே தள்ளுகின்றன. பின்பக்கத்தை மயோசின் என்னும் புரதம் சுருக்கி இழுக்கிறது. பழைய இழைகள் பிரிந்து, அத்துகள்கள் மீண்டும் முன்னே பயன்படுகின்றன. இது, சேற்றைக் கடப்பவர் மிதித்து வந்த பலகையை எடுத்து மறுபடியும் முன்னால் போட்டு நடப்பதைப் போன்றது.

ஆக்டின் முதன்முதலில் 1942ஆம் ஆண்டு ஹங்கேரியில் தசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பேராக் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவிய கைகளை இயக்கியதும் ஆக்டினும் மயோசினுமே. அதே இணைதான் கண்ணுக்குத் தெரியாத வெள்ளையணுவையும் நகர்த்துகிறது. அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் ஊர்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகும்.

இந்தச் சட்டகம் பழுதானால் விளைவு கடுமையாகும். விஸ்காட்-ஆல்டிரிச் நோயுடன் பிறக்கும் குழந்தைகளிடம், ஆக்டின் இழைகளை முறையாக வளரச் செய்யும் ஒரு புரதம் குறைபட்டிருக்கும். இதற்குக் காரணமான மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. அவர்களின் வெள்ளையணுக்கள் சரிவர நகர்வதில்லை. எனவே, தொற்றுகள் அடிக்கடி தாக்குகின்றன. இரத்தக் கசிவும் எளிதில் ஏற்படுகிறது. பொருத்தமான கொடையாளரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றுப் பலர் நலமடைந்துள்ளனர்.

ஆகவே, முள் குத்திய இடம் சிறிது சிவப்பது உடல் தோற்றதன் அறிகுறி அன்று. காவலர்கள் வந்து சேர்ந்ததன் அடையாளம். காயத்தை உடனே சோப்பு நீரால் கழுவுவது அவர்களின் வேலையைக் குறைக்கும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.