ஆள் போனாலும் கிடங்கு நிற்கும்

கணிப்பொறித் துறையில் கண்டெய்னர் என்பது ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒன்றாய்க் கட்டிய பொதியாகும். இப்பொதிகளை இயக்கி மேற்பார்க்கும் மென்பொருளே குபெர்நெட்டிஸ். கூகிள் நிறுவனம் 2014-இல் இதனை வெளியிட்டது.

பொதி அழிந்தால் அதனுள் எழுதியதும் அழியும். பனியன் கம்பெனியின் ஆர்டர் கணக்கு அவ்வாறு அழியலாமா? ஆகவே தரவுத்தளங்களை ‘ஸ்டேட்ஃபுல்செட்’ என்னும் அமைப்பில் 0, 1, 2 என எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வட்டு ஒதுக்குவர். சீசன் முடிந்து மூன்றை ஒன்றாகக் குறைத்தால் முதலில் 2, பின்னர் 1 நீங்கும், வட்டுகளோ நீங்கா. ஆள் காலிசெய்த பின்னும் பூட்டிய குடோனுக்கு வாடகை ஏறுவது போல, வாடகை வட்டுக்கும் கட்டணம் ஏறும்.

இதனைச் சீர்செய்ய இரு விதிகள் உள்ளன. எண்ணிக்கையைக் குறைக்கும்போது ‘வென்ஸ்கேல்டு’, அமைப்பையே நீக்கும்போது ‘வென்டெலீட்டட்’ பொருந்தும். ஒவ்வொன்றிலும் ‘ரீடெய்ன்’ என்றால் வட்டுக்கான உரிமைச்சீட்டு நிற்கும். ‘டெலீட்’ என்றால் நீங்கும். ஒன்றும் குறிப்பிடாவிடில் நிற்கும். 2024 டிசம்பரில் வந்த 1.32-ஆம் பதிப்பில் இவ்வசதி நிலைபெற்றது.

சீட்டு நீங்கினாலும் வட்டின் கதி அதன் சொந்த மீட்பு விதியைப் பொறுத்ததே. அவ்விதி ‘டெலீட்’ எனில் வட்டும் போகும்; ‘ரீடெய்ன்’ எனில் நாமே கையால் துப்புரவு செய்தல் வேண்டும்.

வீண் வாடகையைப் பின்னர் ஈட்டிவிடலாம்; அழிந்த கணக்கை ஈட்ட இயலாது. எனவே நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா எனச் சோதித்த பின்னரே அழித்தல் அறிவுடைமையாகும்.